தலைவரின் இங்கிலீசு

வாய்க்கரிசி போட எடுத்த கையை ஜீவராணி அந்தரத்திலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. படம் சரியாக விழவில்லையாம்.

"அப்பிடியே இருங்க தங்கச்சி, அசையாதீங்க. பெனர்ல 'செயலாளர்'ங்கிற எழுத்த ஒங்க தல மறைக்குது," என்றாள் சண்முகவடிவு டீச்சர். செயலாளர் அவள்தான்.

பெட்டிக்குள் ஜீவராணியின் அப்பா, முத்துலிங்கம் மாஸ்டர், கண்ணை மூடிக் கிடந்தார். உயிரோடு இருந்திருந்தாலும் அந்தப் பெனரைப் பார்த்துக் கண்ணை மூடியிருப்பார். 'வட்டகொடை ஆபிரிக்கக் கல்வி நேயர் மன்றம்' என்ற அந்தத் துணி, தேயிலைத் தோட்டத்து லயத்தின் வீட்டு வரிசையில், முதலாம் காம்பராவில் தொடங்கி ஆறாம் காம்பராவின் கோழிக்கூட்டில் போய் முடிந்தது. நடுவில் ஒரு சிங்கம், ஒரு ஒட்டகச்சிவிங்கி, ஒரு வரிக்குதிரை. தலைவர் சின்னராசாவின் முகம் சிங்கத்தின் முகத்தைவிடப் பெரிது. மாஸ்டரின் முகம் வரிக்குதிரையின் வாலுக்குக் கீழே, முத்திரை அளவில்.

மன்றத்தில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் பதவி. சும்மா உறுப்பினர் என்று ஒரு பூச்சி புழுகூடக் கிடையாது. கூட்டம் கூடுவார்கள், பொன்னாடையை ஒருவர் மாற்றி ஒருவர் போர்த்திக்கொள்வார்கள், வடை தின்பார்கள். ஆபிரிக்கா ஏதோ நோட்டன் பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தோட்டம் என்கிற மாதிரித்தான் பேச்சு. போன வருடம் ஆபிரிக்கப் பிள்ளைகளுக்குக் குளிருமே என்று இரண்டு மூட்டை கம்பளித் தொப்பி சேர்த்தார்கள். "அது வெயில் நாடுங்க," என்று மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். "என்னா மாஸ்டர் நீங்க! வட்டகொடையிலயே இந்தக் குளிருன்னா, அம்புட்டுத் தூரத்துல எப்பிடி இருக்கும்?" என்று தலைவர் கேட்டாரே பார்க்கலாம். ஒன்பது பேரும் கைதட்டினார்கள்.

உண்மையில் மாஸ்டர் இளவயதில் நாலு வருடம் ஆபிரிக்காவின் சாம்பியாவில் கணக்குப் படிப்பித்தவர். அவரிடம் படித்தவன் ஒருவன் இன்று அங்கே ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தின் அதிபர். வியாழக்கிழமை தோறும் பகல் இரண்டரைக்கு, லயத்துக்குப் பின்னாலுள்ள பாறையில் ஏறி நின்றுகொண்டு – அங்கேதான் சிக்னல் பிடிக்கும் – மாஸ்டர் கைப்பேசியில் அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். மன்றத்தின் பெயருக்கு ஏற்றமாதிரி நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதுவும் மன்றத்துக்குத் தெரியாமல்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கஞ்சி வேண்டாமென்று கையால் தள்ளிவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"ராணி, வியாழக்கிழம நான் இல்லாட்டி புள்ளைங்ககிட்ட நீயே சொல்லிரும்மா. பக்குவமாச் சொல்லு. மன்றத்துக்காரனுங்க வாயில விட்டுறாத."

"சும்மா இருங்கப்பா."

அன்று சாயங்காலம் சும்மாவே ஆகிவிட்டார்.

இன்று வியாழக்கிழமை. தலைவர் பன்னிரண்டு மணிக்கு இரங்கலுரை ஆரம்பித்தார். தப்படிக்கிறவர்கள் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டார்கள். இரண்டு மணி நேரம் தாண்டியும், தன் சிறுபிராயத்தை விட்டு அவர் நகரவில்லை. எதிர்மலையில் மழை இறங்குவதைப் பார்த்துவிட்டு யாரோ, "ஐயா, பெட்டிய எடுக்கணுங்க," என்று கெஞ்சியபிறகுதான் மைக்கை விட்டார்.

மணி இரண்டரையை நெருங்கிவிட்டது. ஜீவராணி உள்ளே ஓடி அப்பாவின் தலையணைக்கு அடியில் கையை விட்டாள். கைப்பேசி இல்லை.

"அந்த டீச்சரம்மா எடுத்துக்கிட்டுப் போச்சு," என்றாள் அவளுடைய அம்மா மீனம்மா, சுவரோடு சாய்ந்தபடி. "பழைய படமெல்லாம் பேஸ்புக்குல போடணுமாம். இப்பத்தான் தலைவரையும் கூட்டிக்கிட்டு மேல ஏறுச்சு."

"பாறைக்கா?"

"ஆமா. நீ எங்கடி ஓடுற? தூக்கப் போறாங்க! அப்பா மொகத்த இன்னொருக்கா பாக்க வேணாமா?"

பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. வாசலில் பார்ப்பதுதான் கடைசி. ஜீவராணி ஒரு கணம் நின்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறையை நோக்கி ஓடினாள்.

அவள் மேலே போய்ச் சேர்வதற்குள் அழைப்பு வந்துவிட்டிருந்தது. தலைவர் கைப்பேசியை முகத்துக்கு நேரே, கண்ணாடி பார்த்து மீசை கத்தரிப்பதைப்போலப் பிடித்திருந்தார். திரைக்குள் முப்பது நாற்பது பிள்ளைகள்.

"மாமா, குடுங்க. நான் பேசணும்."

"பொறு புள்ள. நான் துரைமார்கிட்டயே இங்கிலீசு பேசுனவன்." தலைவர் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மலைக் கண்டாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். தொண்டையைச் செருமினார். முகத்தில் துக்கத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சில்ரன்! யுவர் முத்துலிங்கம் சார் இஸ் லேட்!"

முன்வரிசையிலிருந்த ஒரு சிறுமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தபடி பதில் சொன்னாள்.

"நோ ப்ராப்ளம், சார். வீ வில் வெயிட்."

தலைவருக்குப் புல்லரித்துப்போனது. "பாத்தீங்களா டீச்சர், என்னா மனவுறுதி! ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல பாருங்க. எல்லாம் நம்ம மன்றத்தோட வளர்ப்பு!"

"இத அப்பிடியே ஒரு படம் எடுத்திருவோம் தலைவர்," என்றாள் சண்முகவடிவு.

ஜீவராணி தலைவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் என்ன கண்டார்களோ, சிங்கமும் செயலாளரும் பாறையிலிருந்து இறங்கினார்கள்.

கீழே தப்புச் சத்தம் எழும்பியது. அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் பெட்டி தோளுக்கு ஏறிவிட்டது.

திரையில் பிள்ளைகள் கணக்குக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, கதவு திறக்கப்போகிறது என்பதைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐ ஆம் சார்ஸ் டோட்டர்," என்றாள் ஜீவராணி.

பெஞ்சுகள் உரசுகிற சத்தம். அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். சாரின் மகளுக்கு மரியாதை. உட்காரச் சொல்கிறவரைக்கும் நிற்பது அந்த வகுப்பின் வழக்கம் போலிருந்தது.

உட்காரச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தேயிலைக்கு நடுவே பெட்டி மெல்ல இறங்கிப் போனது. தூறல் திரையில் விழுந்தது, முந்தானையால் துடைத்தாள். பெட்டி கடைசி வளைவு திரும்பும் வரைக்கும் பிள்ளைகள் நின்றுகொண்டேயிருந்தார்கள்.