ஒன்பதாம் நடைமேடை சீசன் பாஸ்

எங்கள் ஊர் ரயில் நிலையத்தின் ஒன்பதாம் நடைமேடையில், இறந்தவர்களை முதல் மூன்று மாதம் போய்ப் பார்க்கலாம். தினப் பாஸ் முப்பது ரூபாய், மூன்று மாத சீசன் தொள்ளாயிரம். ஒன்றை எடுத்தால் பிறகு மாற்ற முடியாது. எது லாபம் என்று கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் கவுன்ட்டரில் பாஸ் கொடுப்பார்கள். அழுதுகொண்டே வந்தாலும் சலுகை கிடையாது.

தணிகாசலத்துக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவர் மனைவி செண்பகவல்லி அங்கே போய் நின்றாள். இந்த மாதிரிக் கணக்கெல்லாம் வீட்டில் அவர் இலாகா. ஆபீஸ் போக சீசன் எடுக்கும் ஒவ்வொரு தடவையும், லீவு நாளைக் கழித்து, பேப்பர் ஓரத்தில் எக்ஸ் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். மனுஷர் அதில் கெட்டி. அவளும் அதே மாதிரி எழுதினாள். வரப்போகிற நாள் எக்ஸ். முப்பது எக்ஸ் சமம் தொள்ளாயிரம். எக்ஸ் சமம் முப்பது.

"முப்பது நாளைக்கு மேல வருவீங்களாம்மா?" என்றாள் கவுன்ட்டர்ப் பெண். "எல்லாரும் வர்றேன்னுதான் சொல்லுவாங்க. பத்து நாள்ல நின்னுடுவாங்க."

அவரைப் பார்க்காமல் ஒரு நாள்கூட செண்பகவல்லியால் முடியாது.

"தினமும் வருவேன். சீசனே குடு."

அவர் நான்காவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இட்லியும், அவருக்குப் பிடித்த மாதிரி எண்ணெய் விடாத வெறும் மிளகாய்ப்பொடியும் எடுத்து வைத்தாள். இறந்தவர்கள் பக்கத்திலும் அதே கட்டணம், அதே விதி. அவர் சட்டைப்பையில் பாஸ் தெரிந்தது.

"என்னங்க, தினப் பாஸா எடுத்தீங்க?"

"உனக்கு முட்டி வலி. இவ்வளவு படி ஏறணும். இருபது நாள் வந்தாலே பெரிசுன்னு எக்ஸை இருபதா வச்சுட்டேன். நீ?"

"சீசன்."

அவர் இட்லியைப் பிட்டார். அந்தப் பக்கம் தினப் பாஸுக்கு ஒவ்வொரு நாளும் புதிதாக நிற்க வேண்டும், வரிசையோ ரொம்ப நீளம். இனி நின்றால் என்றைக்குக் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார்.

மறுநாளும் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். நான்காவது பெஞ்சில் வேறொருவர் இருந்தார். அவரும் அந்தப் பக்கத்து ஆள்தான், கையில் சீசன் பாஸ். அவர் மனைவி தினப் பாஸ்காரியாம், பத்து நாள் வந்து நின்றுவிட்டாளாம். செண்பகவல்லி பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"மொளகாப்பொடி ஆகுமா உங்களுக்கு?"

"ஆகும். எண்ணெய் மட்டும் கொஞ்சம் தாராளமா வேணும்."

அதற்கடுத்த நாள் அவள் எண்ணெய் கொண்டுபோனாள்.