மேஸ்திரி பார்க்கும் கை

என் புருஷன் பொன்னுரங்கத்துக்கு உள்ளங்கையில் காயம். மூட்டை தூக்கும் கொக்கி கிழித்தது. தினமும் காலையில் நான் பிளாஸ்திரி ஒட்டி அனுப்புவேன். தெருமுனை தாண்டியதும் அதைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். காரணம், துறைமுக வாசலில் ஆளெடுக்கும் மேஸ்திரி. கையில் பிளாஸ்திரியைக் கண்டால் அவன் வேலை கொடுக்க மாட்டான். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அதே பிளாஸ்திரி அழுக்கோடு மறுபடி ஒட்டியிருக்கும். அது அவர் காயத்துக்கு ஒட்டியதில்லை, என் வாய்க்கு ஒட்டியது.

சாக்குத் தூசி பட்டுப் பட்டுக் காயம் சீழ் வைத்துவிட்டது.

"கை பூட்டா இன்னாய்யா பண்ணுவே?"

"ஒண்ணும் ஆவாது, சும்மா கெட."

இவரோடு பேசுவதற்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு அஜீசுன்னிசாவிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் வீட்டுக்காரரும் அதே வேலைதான்.

"அல்லார் கையிலயும் ஒட்டி வுட்டா மேஸ்திரி யாரத் தள்ளுவான்? கப்பல் இன்னா காத்துகினு நிக்குமா?" என்றாள்.

நல்ல மூளை அவளுக்கு. கம்பவுண்டரிடம் ஒரு பிளாஸ்திரிச் சுருள் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஆண்கள் முனகினார்கள், பெண்கள் ஒட்டிவிட்டார்கள்.

"இன்னிக்கி மட்டும் பிய்க்காதய்யா, அல்லாரும் ஒட்டிகினு வர்றாங்க" என்று இவரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"சரி, சரி" என்றார்.

அந்தச் 'சரி'யை நம்பாமல், அவர் போய்க் கொஞ்ச நேரம் கழித்து நானும் போய்த் துறைமுக வாசலுக்கு எதிரே நின்றேன்.

வரிசையைப் பார்த்து மேஸ்திரி கத்தினான். "இன்னாடா இது பேஜாரு? சொதந்திரம் வந்ததும் அல்லாருக்கும் திமிரா?"

உள்ளே கப்பல் சங்கு ஊதியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே விட்டான். கடைசியில் என் புருஷன் நின்றார். வெறுங்கை. வழக்கம்போலத் தெருமுனையிலேயே பிய்த்துவிட்டிருந்தார்.

மேஸ்திரி அந்தக் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"காயம் ஒனக்குத்தானா? போ, வூட்டுக்குப் போ."

தெருவென்றும் பார்க்காமல் கத்தியிருப்பேன். அதற்குள் என்னிடம் வந்து, சட்டைப் பையிலிருந்து சுருண்டுபோன பிளாஸ்திரியை எடுத்து நீட்டினார்.

"ஒட்டி வுடு குணா."

வாங்கிச் சாக்கடையில் எறிந்தேன். ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகலாமென்று அவர் கையைப் பிடித்த பிடியில் ஆத்திரமெல்லாம் இருந்தது.

"வலிக்குது குணா" என்றார்.

இத்தனை நாளில் அன்றைக்குத்தான் அதைச் சொன்னார். கையை விட்டுவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.