பாதிக் கூலி

இரண்டாயிரத்து நானூற்றைம்பது, அதுதான் பங்காளிக்கு நான் கொடுக்க வேண்டியது, அதில் அறுநூறு இப்போது சட்டைப் பையில் இருக்கிறது, இன்றைக்கு டைல்ஸ் பெட்டி இறக்கிய கூலி முழுதும், ஆள் பற்றாமல் என்னையும் லாரியில் ஏற்றிக்கொண்டார்கள், தோள் இன்னும் எரிகிறது, எரியட்டும், இந்த எரிச்சல் இல்லாமல் எத்தனை நாள் கிடந்தேன்... பங்காளி என்றால் ரத்த உறவு இல்லை, லாரி முனையில் வேலைக்கு நின்று ஏற்பட்ட பழக்கம், மீசை கறுப்பாக இருந்தபோதே ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம், யாரை லாரிக்காரன் கூப்பிட்டாலும் கூலியில் பாதி நின்றவனுக்கு, ஒருத்தன் வயிறு முட்ட ஒருத்தன் பட்டினி வேண்டாம், இரண்டு பேரும் அரை வயிறு. அது கடன் இல்லை, பங்கு. "உன் மூஞ்சியப் பாத்தாலே லாரி ரிவர்ஸ் எடுத்துடுது பங்காளி" என்பான், சொல்லிக்கொண்டே பாதியை என் பையில் திணிப்பான்.

அப்பாவுக்கு இந்த ஏற்பாடெல்லாம் தேவைப்படவில்லை, ஒரே ஆலை, சனிக்கிழமை சாயங்காலம் ஒரே கனத்தில் ஓர் உறை, அம்மா உறையைப் பிரிக்காமலே செலவைச் சொல்லிவிடுவாள்... எனக்கும் முதலில் வாரம் முழுக்க வேலைதான், அப்புறம் ஒரு வாரம் முதுகு ஒடியும், மறு வாரம் சும்மா கிடந்தே வலிக்கும், இப்போது மகன் போனைப் பார்த்துப் பார்த்துப் பார்சல் கொண்டுபோகிறான், கிளம்பும்போது இன்றைக்கு எவ்வளவு என்று அவனுக்கே தெரியாது, நாங்கள்தான் தேய்ந்துகொண்டு வருகிறோமா, இல்லை காசு ஓரிடத்தில் நிற்க மறந்துவிட்டதா... முழங்கால் வீங்கிய பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை, பங்காளி மட்டும் இறக்கினான், அவன் மட்டும் கொடுத்தான், பங்கு என்றால் இந்தப் பக்கமிருந்தும் போக வேண்டாமா, ஒரு நாள் சொல்லிவிட்டேன், இனிமே இது கடன் என்று. "சரிப்பா, வட்டி என்ன தருவே?" என்று சிரித்தான். இந்த மாதம் பிறந்ததும் அவன் முனைக்கு வரவில்லை, அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலை, மாதச் சம்பளம். நல்லது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். மாதச் சம்பளத்தில் பாதி என்று எந்த வாயால் கேட்பது, நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, அந்தப் பழைய பேச்சு தானாகச் செத்தது, எங்கள் நடுவில் மிச்சம் இந்தக் கடன் ஒன்றுதான்.

பங்காளி வீட்டு மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்கியது. கதவு திறந்திருந்தது, போர்வையை மடித்துப்போட்டு நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். "வாங்கண்ணே, உங்க ஆளு இப்ப துரை, சட்டை கசங்கினா கேட் திறக்காதாம்" என்றாள் அவன் சம்சாரம். அறுநூறைப் போர்வை ஓரத்தில் வைத்தேன்.

"எதுக்கு இது?"

"கடன்ல கொஞ்சம்."

"நான் எதையும் எண்ணல பங்காளி. விட்டுரு, எடுத்துக்க."

"ஏன், நான் குடுக்க மாட்டேனா? அடுத்த வாரம் மீதியோட வர்றேன்."

"அடுத்த வாரம் வேலை இருக்கா?"

அன்பாகத்தான் கேட்டான். வீட்டுச் சொந்தக்காரர் இப்படிக் கேட்பார், மருந்துக்கடைக்காரர் கேட்பார், முனையில் நிற்கிறவன் இன்னொருத்தனிடம் இதைக் கேட்கவே மாட்டான், இத்தனை வருஷத்தில் இவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை... அந்த நீலச் சட்டையின் பைமேல் தைத்திருந்த எழுத்துகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன், பா... து... கா... முடிப்பதற்குள் அவன் நோட்டுகளை மடித்து என் பையில் வைத்துவிட்டான். "கடன்லாம் ஒண்ணும் இல்ல. தீந்துச்சு."

படி இறங்கினேன், பை கனத்தது, ஒரு நாள் கூலி உடையாமல் முழுசாக, வீட்டில் என் சம்சாரம் பழைய பழக்கத்தில் கேட்பாள், பாதி குடுக்கலையா என்று, இனி யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்பேன், சந்தோஷப்படுவாளா, இல்லை, இனி யாரிடமிருந்தும் வரவும் வராது என்பது அவளுக்கும் அந்த நிமிஷமே புரிந்துவிடுமா...