வலித்ததா என்று கேட்டேன்

ஊசி போடுகிறவளுக்கு முகங்கள் நினைவில் நிற்காது. தோள்கள் நிற்கும். மச்சமுள்ள தோள், பச்சை குத்திய தோள், எலும்பும் தோலுமான தோள். அந்தப் புதன்கிழமை என் மேசைக்கு எண்பத்து நான்கு தோள்கள் வந்தன. அவற்றில் ஆறு தோள்களில் நான் வெறும் உப்புநீரை ஏற்றி அனுப்பினேன். எந்த ஆறு என்று அன்று எனக்குத் தெரியாது.

மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அரங்கில்தான் எங்கள் தடுப்பூசி மையம் நடந்தது. பந்தாட்டக் கோடுகளின் மேலேயே நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தோம். மருந்துக் குப்பி கட்டைவிரல் அளவுதான் இருக்கும், அதனுள் சில சொட்டு மருந்து. அதில் ஒரு குப்பி உப்புநீரைக் கலந்தால் ஆறு பேருக்கு வரும். கலப்பதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நாள் முழுக்கக் கலந்துகொண்டே இருந்ததால் அவளுக்கு மிக்ஸி என்று பெயர் வைத்திருந்தோம். அதற்கு முந்தைய வாரம் அவள் கை பட்டு ஒரு குப்பி உருண்டு உடைந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், “ஆறு உயிரைத் தரையில கொட்டிட்டியேடி” என்று நான் கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தப் புதன்கிழமை மிக்ஸி வரவில்லை. முந்தைய நாள் தானும் ஊசி போட்டுக்கொண்டு காய்ச்சலில் படுத்துவிட்டாள். வேறு ஆள் அனுப்பட்டுமா என்று பெரிய டாக்டர் கேட்டார். பெரிய டாக்டர் என்றால் மையத்துக்குப் பொறுப்பான அம்மா, ஆள் என்னவோ குள்ளம். எதற்கு வேறு ஆள், கலப்பதையும் போடுவதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பதினெட்டு வருட அனுபவம் அப்படிப் பேச வைத்தது.

மாலை நான்கு மணிக்குக் குப்பிகளை எண்ணினேன். உப்புநீர்க் குப்பிகள் பதினான்கும் காலி. மருந்துக் குப்பிகளில் பதின்மூன்றுதான் காலி. பதினான்காவது பெட்டியின் மூலையில் மூடி கூடக் கழற்றாமல் நின்றது. மூன்று முறை எண்ணினேன். பகலில் ஏதோ ஒரு நேரம் மருந்தைத் தொடாமல் உப்புநீரை மட்டும் ஆறு ஊசிகளில் உறிஞ்சி வைத்திருக்கிறேன். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எப்போது நடந்தது? பதிவு மேசையில் கம்ப்யூட்டர் நின்றுபோய் எல்லாரும் கூச்சல் போட்டபோதா? வீட்டுக்காரர் போன் செய்து, பரிசோதனையில் தனக்கு நோய் இல்லை என்று வந்துவிட்டதாகச் சொன்னாரே, அந்தச் சந்தோஷத்திலா? இல்லை, கண்ணாடிக் கடைக்கார அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோதா? அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். என் கண்ணாடி மூக்கில் நழுவி நழுவி விழுவதைப் பார்த்துவிட்டு, ஊசி போட்டபின் கால் மணி நேரம் உட்கார வேண்டிய நாற்காலியிலிருந்தே அதைக் கேட்டு வாங்கி, கைப்பையிலிருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரால் முடுக்கிக் கொடுத்தார். அன்று முகமும் நினைவில் நின்றது அவர் ஒருவருடையதுதான்.

அந்த நேரமே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். அறைக் கதவு வரை போகவும் செய்தேன். உள்ளே அவர் யாரிடமோ என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். ஒற்றை ஆளாக எண்பத்து நான்கு பேரை முடித்திருக்கிறாள், இவளைப் போல இன்னும் இரண்டு பேர் இருந்தால் போதும் என்றார். நான் திரும்பி வந்து, மிஞ்சிய குப்பியைக் கழிவுப் பெட்டியில் போட்டேன். பதிவேட்டில் பதினான்கு என்று எழுதினேன். கை நடுங்கவே இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். பள்ளி வேன் ஓட்டுகிறவர், பள்ளியே இல்லாமல் வீட்டோடு இருந்தார். மூன்று வாரத்தில் இரண்டாவது ஊசிக்கு எல்லாரும் வரத்தானே போகிறார்கள், அப்போது ஒன்றாவது ஏறிவிடும், வீட்டில் வருகிற ஒரே சம்பளத்தையும் கெடுத்துக்கொள்ளாதே என்றார். அவர் சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதனால் சரி என்றும் பட்டது.

ஆனால் தெருவில் நடக்க முடியவில்லை. அந்தப் புதன்கிழமை ஊசி போட்டுக்கொண்ட பஸ் கண்டக்டர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சிரித்தார், “போட்டாச்சு சிஸ்டர், இனி என்ன?” முடி வெட்டுகிறவர் கடையைத் திறந்து, ஆளோடு ஆள் உரச நின்று வெட்டிக்கொண்டிருந்தார். இவரா? அவரா? முகக்கவசத்தைப் போடுங்கள் என்று எல்லாரிடமும் சிடுசிடுத்தேன். சிஸ்டருக்கு வேலை அதிகம், பாவம் என்று என்னையே பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். எனக்கு முன்னால் நடக்கிற எந்த முதுகைப் பார்த்தாலும் அந்த ஆறில் ஒன்றாகத் தெரிந்தது. பேய்க்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பேய்க்குக் கால் இருக்காது என்பார்கள். என்னைத் துரத்தியவர்களுக்குக் காலும் இருந்தது, கையில் காய்கறிப் பையும் இருந்தது.

நான்காம் நாள் ஒரு யோசனை வந்தது. அந்த மருந்து போட்டால் தோள் வலிக்கும். இரண்டு நாள் கையைத் தூக்க முடியாமல் தவிப்பார்கள். உப்புநீருக்கு வலி ஏது? வலிக்காத ஆறு பேரைக் கண்டுபிடித்துவிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லி வரவழைத்து, சத்தமில்லாமல் மறுபடி போட்டுவிடலாம். பட்டியலை வைத்துக்கொண்டு மதிய இடைவேளையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கை வலித்ததா என்று கேட்டேன்.

யாருக்குமே வலிக்கவில்லை. எனக்கு வருத்தமாக இருக்குமோ என்று எல்லாரும் அப்படிச் சொன்னார்கள். பூ மாதிரி போட்டீர்கள் என்றார் ஒருவர். குத்தியதே தெரியவில்லை, எறும்பு கடித்ததுபோல்கூட இல்லை, உங்களுக்குக் கைராசி என்றார்கள். கண்டக்டர், “இதெல்லாம் நமக்கு ஒரு வலியா சிஸ்டர்” என்றார். பின்னாலிருந்து அவர் மனைவி, மூன்று நாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு முனகிய முனகல் எனக்கல்லவா தெரியும் என்று கத்தியது கேட்டது. முப்பத்தோரு பேரைக் கூப்பிட்டேன். முப்பத்தோரு பேரும் வலியே இல்லை என்று என்னைப் புகழ்ந்தார்கள். வேறொரு சமயமாக இருந்தால் பெருமையில் மிதந்திருப்பேன்.

அந்த முப்பத்தோரு பேரில் ஒருவர் கண்ணாடிக் கடைக்கார அம்மா. அவரும் அதையேதான் சொன்னார். ஆனால் மேலே பேசினார். “துளி வலி இல்லம்மா. அதான் தைரியமா பையைக் கட்டிட்டேன். அக்காவுக்கு இந்த நோய் வந்திருக்கு, பார்த்துக்க ஆளில்ல. ஊசி போடாதவங்க போகக் கூடாதும்பாங்க, எனக்குத்தான் போட்டாச்சே.”

போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். எண்பத்து நான்கில் ஆறுதானே, இவராகவா இருக்கப் போகிறார் என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். எதற்கும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். சரிம்மா, நீங்களும் சாப்பிட்டுவிட்டு வேலை பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

இன்னும் ஏழு நாள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் காலை மிக்ஸி என்னிடம் வந்து நின்றாள். மறுபடியும் இரண்டு டோஸ் மருந்து அவள் கையிலிருந்து சிந்திவிட்டது. பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை, அவள் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. முகம் வெளுத்துப்போய், “திட்டுங்க சிஸ்டர், ஆனா பதிவேட்டுல எழுதிடுங்க” என்றாள். நான் திட்டுவதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. அவளை அங்கேயே நிற்கவிட்டுவிட்டு நேராக டாக்டர் அறைக்குப் போனேன்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “பதினோரு நாளா?” என்று மட்டும் கேட்டார்.

அன்றே எல்லாருக்கும் போன் போனது. ஒரு சந்தேகம் இருக்கிறது, யாரும் பாதுகாப்பு என்று நம்பி வெளியே சுற்ற வேண்டாம் என்று சொன்னார்கள். ஊசி வேலை செய்ததா என்பதை ரத்தத்தில் பார்க்க இரண்டு வாரமாவது கழிய வேண்டும். அதனால் பதினைந்தாம் நாள் எல்லாரையும் வரச் சொன்னார்கள். எண்பத்து மூன்று பேர் வந்தார்கள். திட்டினார்கள், ஒருவர் நாற்காலியைத் தூக்கிப் போட்டார், ஆனாலும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு நாளில் முடிவு வந்தது. ஐந்து பேர் ரத்தத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஐவருக்கும் அன்றே ஊசி போட்டாயிற்று. கண்டக்டருக்கும் முடி வெட்டுகிறவருக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை.

வராத ஒரே ஆள் கண்ணாடிக் கடைக்கார அம்மா. எல்லாரையும் கூப்பிட்ட முதல் நாளிலிருந்தே அவர் போன் அணைந்திருந்தது. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே எடுக்கவில்லை, எடுக்கவில்லை என்று யாரோ எழுதிக்கொண்டே போயிருந்தார்கள். வந்தவர்களில் ஐந்து பேர். ஆறாவது ஆள் யார் என்பதற்கு ரத்தப் பரிசோதனை தேவைப்படவில்லை.

அவருடைய கடையின் பக்கத்துக் கடையில் விசாரித்து அக்கா வீட்டைக் கண்டுபிடித்தேன். அக்கா குணமாகியிருந்தார். கதவைத் திறந்து, தங்கை மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றார். சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததால் போன் அணைந்தே கிடந்ததாம். காய்ச்சல் வந்து ஒன்பது நாள் ஆயிற்று. முதல் ஆறு நாள் பரிசோதனைக்கே போகவில்லையாம். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், பயப்பட வேண்டாம் என்று மையத்தில் கொடுத்த தாளை எடுத்துக் காட்டி, இது அந்த ஊசிக் காய்ச்சல்தான், எனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அக்காவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தது நான்தான். அப்போது புதிதாக ஒரு மருந்து வந்திருந்தது, டிரிப்ஸில் ஏற்றுவார்கள், நோய் முற்றாமல் தடுக்கும். ஆனால் காய்ச்சல் தொடங்கி ஐந்து நாளுக்குள் ஏற்ற வேண்டும். கவச உடையோடு வார்டுக்குள் போய் அங்கிருந்த டாக்டரிடம் அதைக் கேட்டேன். அவர் தேதியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அந்த அம்மா என்னைக் குரலில் அடையாளம் கண்டார். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து சிரித்தார். சொல்லிவிடத்தான் போனேன், படுக்கைக்குப் பக்கத்தில் போய் வாயையும் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். “நீங்க போட்ட ஊசியாலதாம்மா இதோட நிக்குது. இல்லன்னா எப்பவோ போயிருப்பேன்.” மூச்சு வாங்கிக்கொண்டு, ஆமாம்தானே என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

ஆமாம் என்றேன்.

அதிலிருந்து நான்காம் நாள் அவர் போய்விட்டார்.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். இனிமேல் மருந்து கலக்கக் கூடாது, பிறர் நிரப்பித் தருவதை மட்டும் போடலாம். ஆள் பற்றாக்குறை, அதனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. யாரிடமாவது முழுதாகச் சொல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உப்புநீரை, பதினோரு நாளை, போனில் போகாதீர்கள் என்று சொல்லாததை, ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த ஆமாமை.

அவர் அழவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தார். எனக்கென்று நினைத்துக் கையை நீட்டினேன். அவரே குடித்தார்.

“அவ அதை நம்பிக்கிட்டே போனா. இப்ப என்கிட்ட வந்து இறக்கி வைக்கிறீங்க. நான் இதை எங்க கொண்டு போய் வைக்கிறது?”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. வருகிறேன் என்று சொல்வதா கூடாதா என்றும் தெரியாமல் திரும்பினேன். நாலு எட்டு வைத்திருப்பேன், அவர் கூப்பிட்டார்.

“எனக்கும் ஊசி போட்டுக்கச் சொல்லியிருக்காங்க. அடுத்த வாரம் வரணும். நீங்க வேலைக்கு வராத நாள் எது?”

செவ்வாய்க்கிழமை என்றேன்.