நாற்பத்திரண்டு நாள் தண்ணீர்

1991 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. ஆவடி சேக்காட்டில் அருள்தாஸின் வீட்டு மண்சுவர்களுக்கு உள்ளும் புறமும் சிமெண்டு பூசி முடித்தார்கள்.

பூசியவர் கொத்தனார் கோதண்டம். கரணையைக் கழுவிச் சாக்கில் போட்டுக்கொண்டே அருள்தாஸின் மனைவி ஞானகுமாரியிடம் சொன்னார்: "காலைல சாயங்காலம் தண்ணி ஊத்துமா. ஏழு நாளு. அத்தோட உட்டுடு."

முந்தைய கோடையில் பக்கத்துத் தெருவில் ஆறு குடிசைகள் எரிந்திருந்தன. அந்தப் பயத்தில்தான் அருள்தாஸ் ஓலையைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டான். ஓலை இருந்தவரை இறவாரம் இடுப்பளவுக்குத் தாழ்ந்து வந்து சுவரை வெயிலிலிருந்து மறைத்தது. ஷீட்டோ சுவரோடு நின்றுவிட்டது. காலை பத்து மணிக்கெல்லாம் வீடு வாணலியாகக் காய்ந்தது. மார்ச்சில் பிறந்த குழந்தை ரோஸிக்கு முதுகு, கழுத்து, கையிடுக்கு எங்கும் வேர்க்குரு. பகலில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் தூங்குவதில்லை. அழுது அழுது குரல் கம்மிவிட்டது.

பூச்சுக்குத் தண்ணீர் ஊற்றிய மூன்றாம் நாள் ஞானகுமாரி அதைக் கண்டுகொண்டாள். மேற்குச் சுவரில் உள்பக்கம் கை வைத்தால் தண்ணீர்ப் பானையைத் தொட்டதுபோல் இருந்தது. குழந்தையின் பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். ரோஸி இரண்டு மணி நேரம் தூங்கினாள்.

ஏழு நாள் முடிந்தது. ஞானகுமாரிக்கு நிறுத்த மனம் வரவில்லை.

"கொத்தனார் ஏழு நாளுன்னாரே?" என்று கணவனைக் கேட்டுப் பார்த்தாள்.

"அவுருக்கு இன்னா தெரியும்? எங்க கம்பெனில குழாய இருபத்தெட்டு நாளு தொட்டில ஊறப் போடறோம். லாரி ஏறினாலும் ஒடையாது. நீ ஊத்து ஞானம். எவ்ளோ ஊத்தறியோ அவ்ளோ ஸ்ட்ராங்."

அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் சிமெண்டுக் குழாய் வார்க்கும் வேலையில் ஒன்பது வருடமாக இருந்தான். குழாய் முழுக்கச் சிமெண்டு, இந்தச் சுவரில் விரல் கனத்துக்குத்தான் சிமெண்டு, உள்ளே ஒரு முழம் மண் என்பது அன்று இருவருக்கும் தோன்றவில்லை.

காலையில் பத்துக் குடம், சாயங்காலம் பத்துக் குடம். எதிர்வீட்டு நாகவல்லி குழாயடியிலிருந்து கேலி செய்தாள்: "இன்னா ஞானம், செவுருக்கு ஞானஸ்நானமா? ஒரு நாளைக்கு எத்தினி தபா?"

"நீயும் வந்து சாஞ்சி பாரு. அப்பறம் பேசு."

நாகவல்லி வந்தாள். சேலை நனைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சாய்ந்திருந்தாள்.

மே இரண்டாம் வாரம் மேற்குச் சுவரிலிருந்த கதவு தரையில் உரசியது. "ஈரத்துல மரம் உப்பிக்கிச்சி," என்று அருள்தாஸ் இழைப்புளியால் அடியைச் சீவினான். எட்டு நாள் கழித்து மறுபடி உரசியது. மறுபடி சீவினான். சுவரின் அடியிலிருந்து எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வெளியேறின. ஞானகுமாரி ஒருநாள் பூச்சைத் தட்டிப் பார்த்தாள். காலி டப்பாவைத் தட்டியதுபோல் கேட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் ரோஸியின் முதுகு தெளிந்திருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 2, ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, அருள்தாஸ் குழந்தையின் பக்கத்தில் சுவரோரமாகப் படுத்தான். வெயில் முகத்தில் அடிக்கிறதென்று ஞானகுமாரி கதவைச் சாத்தப் போனாள். அது அசையவே இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். கதவு நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே, முன்பு விரல்கூட நுழையாத இடத்தில், ஒரு சாண் வானம் தெரிந்தது.

ரோஸியை வாரி எடுத்தாள்.

"இன்னாங்க, எந்திரிங்க. செவுரு எறங்கிகீது."

"படுக்க உடேன். வாரத்துல ஒரு நாளு."

"மேல பாருங்க. வானம் தெரியுது."

அவன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். "காத்து வருதுல்ல? நல்லதுதான். நாப்பது நாளு தண்ணி குடிச்ச செவுரு இது, இரும்பு மாதிரி கீது."

"நான் கொழந்தைய எடுத்துகினு நாகவல்லி ஊட்டுக்குப் போறேன்."

"அந்த ஓலை ஊட்டுக்கா? போ, போ."

நாகவல்லியின் வீடு மண்சுவரும் ஓலையும்தான். சாணி மெழுகிய சுவர் காய்ந்து வெடித்திருந்தது. யாரும் எதையும் நனைக்கவில்லை. ஆனாலும் உள்ளே வெக்கை இல்லை. ரோஸி ஒருமுறை சிணுங்கிவிட்டுத் தூங்கிப்போனாள். ஞானகுமாரி உட்காரவில்லை. நாகவல்லியின் புருஷன் ஜம்புலிங்கத்தை அனுப்பினாள்.

அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். "வரமாட்டேங்கறாரு. இவ்ளோ குளுகுளுன்னு எந்த ஓட்டல்லயும் இருக்காதாம். என்னையும் படுக்கச் சொல்றாரு."

"கைய புடிச்சி இழுத்துகினு வந்துடறேன்," என்று குழந்தையை நாகவல்லியிடம் கொடுத்துவிட்டு ஞானகுமாரி தெருவில் இறங்கினாள்.

அவள் தெருவைக் கடப்பதற்குள், மூன்று பத்துக்கு, மேற்குச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. ஷீட்டும் அதன்மேல் இறங்கியது. ஜம்புலிங்கமும் தெருவிலிருந்த நால்வரும் மண்வெட்டியோடு ஓடினார்கள். மண் களியாக இருந்ததால் அள்ள நேரம் பிடித்தது. நாலே காலுக்கு அருள்தாஸை வெளியே எடுத்தார்கள். உயிர் இல்லை.