ஊர்ப்பெயர் சொல்லாத குரல்

சிரங்கு பிடித்த கை சும்மா இருக்குமா? வடக்கே எல்லையில் சண்டை மூண்டதிலிருந்து கரமனைத் தெருவின் வாட்ஸாப் குரூப்பில் ஆளாளுக்கு எதையாவது தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்படி வந்து விழுந்ததுதான் அந்தக் குரல். “அம்மா, ஆபீசர்மாரு எங்களை விட்டுட்டு ஓடிட்டாங்க. குடிக்கத் தண்ணியில்ல. எல்லாருகிட்டயும் சொல்லும்மா.” சரஸ்வதியம்மாள் அதை மூன்று தரம் போட்டுக் கேட்டாள். பட்டாளத்தில் இருக்கும் மகன் ஸ்ரீகுமாரின் குரலேதான். அழும்போது மூக்கை உறிஞ்சுவதுகூட அவனேதான்.

“எதிரிக்க வேலையாக்கும் அத்தே. அவரு போட்ட ரீல்ஸிலேருந்து குரலை எடுத்து உண்டாக்கினது. டிலீட் பண்ணுங்க,” என்றாள் மருமகள் அஸ்வதி. “இனி போன்லயும் விளிப்பானுவ. நம்ம வீட்டுல மட்டும் தெரிஞ்ச காரியம் ஒண்ணு கேளுங்க. சொல்லலேண்ணா கட் பண்ணிருங்க.” சொல்லிவிட்டு மருந்து வாங்கக் கிழக்கேகோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

அவள் தலை மறைந்ததும் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“அம்மா, நான் ஸ்ரீகுமார். சௌக்கியமா இருக்கேன். சாப்பாடெல்லாம் உண்டு.”

பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது மாதிரி இருந்தது. பின்னால் வேறு யாரோ இருமும் சத்தம். பெற்ற தாயிடம் இப்படியா பேசுவான்?

“அப்பாவுக்க அஸ்தியை எங்க கரைச்சோம்? சொல்லு பார்ப்போம்.”

குரல் தயங்கியது. “ஊர்ப்பேரு ஒண்ணும் சொல்லப்பிடாதும்மா. வேற எதாவது கேளு.”

“யாருகிட்டடா வெளையாடுதே? நாசமாப் போறவனே!” என்று பட்டென்று கட் பண்ணினாள் சரஸ்வதியம்மாள். ஜெயித்துவிட்ட தெம்பில் காப்பி போட்டுக் குடித்தாள்.

அஸ்வதி மூச்சிரைக்க ஓடிவந்தாள். “அத்தே, பட்டாளத்து வீட்டுக்காரங்க குரூப்புல போட்டிருக்கு! இன்னைக்கு ஒவ்வொருத்தரையா வீட்டுக்கு விளிக்க விடுதாங்களாம். ஆபீசர் கூட இருந்து கேப்பாராம். ஊரு, இடம் எதையாவது சொன்னா லைனை வெட்டிருவாராம். ஆளுக்கு ஒரே ஒரு விளிதானாம். வந்துதா?”

சரஸ்வதியம்மாள் போனை நீட்டினாள். அந்த நம்பருக்கு அஸ்வதி திரும்பத் திரும்ப அடித்தாள். கிடைக்கவில்லை.

“நீ சொன்னபடிதானே மோளே கேட்டேன்? பொய்யா வந்தவன் அழுதான். பெத்த பிள்ளை பாடம் ஒப்பிச்சான். நான் யாரைண்ணு நம்ப? எம்பிள்ளையை நாசமாப் போகச் சொல்லிட்டேனே!”

டிலீட் பண்ணாமல் வைத்திருந்த அந்தக் குரலைச் சரஸ்வதியம்மாள் போட்டாள். அம்மா என்று அது அழுதது. பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். முடிந்ததும் அஸ்வதி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னொருக்கா போடுங்க அத்தே,” என்றாள்.