ரிஃப்அத் அவர்களின் மகள்

அச்சகத்திலிருந்து வந்த பெட்டியை இஹாப் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே வைத்துத் திறந்தான். கல்யாண அட்டை. பொன்னிற எழுத்து, ஓரத்தில் இரண்டு புறாக்கள். ஷாஹிந்தா ஒரு முறை படித்தாள், மறுபடியும் படித்தாள். மணமகன், டாக்டர் இஹாப். மணமகள், ரிஃப்அத் அவர்களின் மகள்.

"எம்பேரு எங்க?"

"அட்டை கண்டவன் கைக்கெல்லாம் போகும்மா. டீக்கடை மேசையில கெடக்கும். அதுல பொண்ணு பேரு கெடக்கணுமா?" என்றார் அப்பா ரிஃப்அத்.

எகிப்தில், எங்கள் மின்யா ஊரில் இப்படித்தான். அம்மாவின் பெயரைக்கூட ஆண்கள் வெளியே சொல்லமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருவனுடைய அம்மா பெயர் கசிந்துவிட்டால் அந்த வருஷம் முழுக்க அவனுக்கு நிம்மதி கிடையாது.

ஷாஹிந்தா இஹாபைப் பார்த்தாள். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலேயர் ஆட்சிக்கால நாவல்களைக் கற்பிப்பவன் அவன். அவள் அதே துறையில் இளநிலை ஆசிரியை. "இந்த நாவலில் அதிகாரியின் குதிரைக்குப் பெயர் உண்டு, நாய்க்குப் பெயர் உண்டு, எகிப்தியச் சமையல்காரிக்கு மட்டும் இல்லை. ஏன்?" என்று அவன் ஒருநாள் மேசையில் குத்தினான். அந்தக் குத்தில்தான் அவள் மனம் விழுந்தது.

"நீங்களாவது சொல்லுங்க."

"யாரு கல்யாணம்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் பேரு எதுக்கு? எங்க சித்தப்பா பசங்க கிண்டல் பண்ணியே கொன்னுடுவானுங்க."

"குதிரைக்குப் பேரு இருந்துச்சே?"

"அது இலக்கியம், ஷாஹிந்தா!"

அவனோடு வந்திருந்த அம்மா தட்டிலிருந்த பஸ்பூஸா இனிப்பைத் தின்றுகொண்டிருந்தாள்.

ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு என்று ஷாஹிந்தா தன்னையே கேட்டுப் பார்த்தாள். அவ்வளவு சின்னச் சொல் என்றால், இத்தனை ஆண்கள் ஏன் அதற்குக் காவல் நிற்கிறார்கள்? கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது சிரிப்பு.

அடுத்த வாரம் துறையில் கருத்தரங்கு. 'பெயரில்லாத பெண்' என்ற தலைப்பில் இஹாப் பேசுகிறான். சுவரொட்டி தயாரிப்பது எப்போதும் இளநிலை ஆசிரியைகளின் வேலை. அதை யாரும் சரிபார்ப்பதில்லை.

கருத்தரங்கு நாள் காலையில் துறை வாசலில் மாணவர்கள் கைபேசியும் கையுமாகக் குவிந்திருந்தார்கள். சுவரொட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது: 'உரை: திருமதி இன்ஷிராஹ் அவர்களின் மகன்.'

"இன்ஷிராஹ் மகன் வந்துட்டாரா?" என்றான் ஒருவன். சிரிப்பு படிக்கட்டு வரை ஓடியது.

இஹாப் வந்தான். காது சிவந்துவிட்டது. "என்ன இது? எம்பேரு எங்க?"

"யாரு பேசப்போறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் பேரு எதுக்கு?"

"அம்மா பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

"பொம்பளைங்க மட்டும் இருக்கிற ரூம்ல எங்க எல்லாருக்கும் பேரு உண்டு."

அவன் சுவரொட்டியைக் கிழிக்கப் போனான். பின்னாலிருந்து ஒரு கை அவன் மணிக்கட்டில் பட்டென்று அடித்தது. மகன் பேசுவதைக் கேட்க வந்திருந்த அம்மா. மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எழுத்தின் மேல் விரலை மெல்ல நகர்த்தினாள்.

"இது நானா?"

"நீங்கதான், அத்தை."

"என் கல்யாண அட்டையில நான் கலீல் மக. அப்புறம் இன்னாரு பொண்டாட்டி. இவன் பொறந்ததும் இவன் அம்மா." விரல் கடைசி எழுத்தில் நின்றது. "அச்சுல பாக்க நல்லாத்தான் இருக்கு. அத எடுத்துக் குடு கண்ணு, முன்னறையில மாட்டணும்."

"அம்மா! சித்தப்பா பசங்க வருவானுங்க!"

"வரட்டுமே. படிக்கத் தெரிஞ்சவனுங்கதானே?"

ஊர்க்காரர்களும் வந்திருந்ததால் இஹாப் அன்று அரபியில் பேசினான். முன்வரிசையில் அம்மா, மடியில் சுருட்டிய சுவரொட்டி. பக்கத்தில் ஷாஹிந்தா.

"இந்த நாவலில் அதிகாரியின் குதிரைக்குப் பெயர் உண்டு. நாய்க்குப் பெயர் உண்டு. சமையல்காரிக்கு மட்டும் இல்லை. ஏன்?"

மேசையில் குத்தவில்லை. ஆனால் பழக்கதோஷத்தில், கேள்விக்குப் பின் வழக்கமாக விடும் இடைவெளியை விட்டான்.

அந்த இடைவெளியில் இன்ஷிராஹ் நிதானமாகச் சொன்னாள்:

"எழுதினவன் நம்ம ஊருக்காரனா இருப்பான்."